நாயோட வந்திருக்கீரு போல

ஆமா அண்ணாச்சி, அந்த வீடியோல வர்றது நாந்தான். மீசை இப்ப கொஞ்சம் எறங்கிப்போச்சு, அதான் ஒங்களுக்குச் சட்டுனு பிடிபடலை. நாயி அதே நாயிதான். பேரு மைனா. புருவத்துல ரெண்டு பொட்டு வச்ச மாதிரி இருக்கு பாருங்க, கருப்புக் கன்னிச்சாதி நாய்க்கு அதான் அழகு. கைய நீட்டுங்க, மோந்து பாக்கட்டும். ஒண்ணும் செய்யாது. வேத்தாளு கையில ஒரு பருக்கை வாங்கித் திங்காது, அப்படி மானமுள்ள சாதி. அட, கடலைமிட்டாய வாங்கிட்டுதா? ஒங்க கைராசி அண்ணாச்சி. அது சோறு தண்ணி எறங்காம எத்தனை நாளாக் கெடக்கு தெரியுமா? அதுக்காகத்தான் கடையப் பூட்டிப்போட்டு இந்த வெயில்ல பஸ் ஏறியிருக்கேன். எனக்காக இல்ல. எனக்கென்ன வந்துச்சு.

கண்டக்டரு முதல்ல ஏத்த மாட்டேன்னுட்டாரு. நாயெல்லாம் பஸ்ல ஆகாதுய்யான்னாரு. அவருகிட்ட அந்த வீடியோவக் காட்டினேன். பாத்தாரு. ராணி படையில இருந்த நாயி வம்சமான்னு கேட்டுக்கிட்டே கும்பிடாத கொறையா ஏத்திக்கிட்டாரு. கடைசி சீட்டுல கால்மாட்டுல போட்டுக்கோன்னுட்டாரு. படிச்சவுக படிக்காதவுக எல்லாரும் பாக்காங்க அண்ணாச்சி அந்த வீடியோவ.

நீங்க எது வரைக்கும்? கரட்டுப்பட்டியா? நானும் அங்கதான். எங்க மாமனாரு ஊரு. கடைசி ஸ்டாப்பு, அங்க போயி பஸ்ஸு அப்படியே திரும்பிரும். ஒங்களுக்கு என்ன சோலி அங்க? குட்டி வாங்கவா? வீடியோவப் பாத்துட்டா? சரியாப்போச்சு போங்க.

தப்பா நெனைக்காதீங்க. கரட்டுப்பட்டியில கன்னிக்குட்டி வெலைக்குக் கெடைக்காது. நீங்க கார்ல போனாலும் சரி, கலெக்டரு கடுதாசியோட போனாலும் சரி. வாங்கன்னுவாங்க, உக்காரச் சொல்லுவாங்க, மோர் குடுப்பாங்க, நேரமாயிட்டா சோறு போடுவாங்க, குட்டிய மட்டும் கண்ணுல காட்ட மாட்டாங்க. அடுத்த பஸ்ல ஏத்தி விட்டுருவாங்க. அவுக குட்டி குடுக்கணும்னா அதுக்கு ஒரே வழிதான். பொண்ணக் கட்டணும். நான் அப்படித்தான் வாங்கினேன்.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். எனக்குப் பொண்ணு பாத்தப்ப நாலு எடம் வந்துச்சு. மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன்லா, கோவில்பட்டியில, தளவாய் காயில் கடைன்னா சின்னப்புள்ளையும் சொல்லும். நாலு எடத்துல இதுல மட்டும்தான் நாயி உண்டுன்னாங்க. இதையே முடிங்கன்னுட்டேன். பொண்ணுகூட அப்புறம்தான் பாத்தேன். பாத்தப்ப, பச்சைச் சேலை, தலையில கனகாம்பரம், காபித் தட்ட நீட்டுறப்ப கை நடுங்காம நீட்டுறா, எடது பக்கம் ஒரு தெத்துப்பல்லு, சிரிச்சா மட்டும் தெரியும். அதெல்லாம் நான் கவனிக்கலை. என் நெனப்பெல்லாம் நாயிதான்.

என்ன கேட்டீங்க? அந்த ராணியா? எந்த ராணி? ஓ, கன்னிகா ராணி. அந்த ராணிய விடுங்க அண்ணாச்சி. அது நானாச் சொன்னது. பொய்யின்னு சொல்லக் கூடாது. மைக்க நீட்டிக்கிட்டு ஒருத்தன் நிக்கான், கேமராவுல செவப்பு லைட்டு எரியுது, "இதுக்கு ஏன் கன்னின்னு பேரு வந்துச்சு, சொல்லுங்க ஐயா"ங்கான். ஐயாங்கான் அண்ணாச்சி என்னைய. ஐயான்னு கூப்பிட்டவனுக்கு அரைக்கதையா சொல்ல முடியும்? வாயில ஒரு ராணி வந்து நின்னா. விட்டுட்டேன். ராணிக்கு ஆயிரம் நாயி, கோட்டைய வளைச்ச வெள்ளைக்காரன அத்தனையும் சேந்து கம்மாய் வரைக்கும் வெரட்டுச்சுன்னு சொன்னேன். பீரங்கியக் கடிச்சுதுன்னு சொல்ல வந்தேன், அது கொஞ்சம் அதிகமாத் தெரியும்னு விட்டுட்டேன். எனக்கும் அளவு தெரியும்.

உள்ள கதை சின்னது. மத்த ஊர்ல என்ன சொல்லுவாங்களோ எனக்குத் தெரியாது, கரட்டுப்பட்டியில சொல்றதச் சொல்றேன். கல்யாணமாகி மாப்ள வீட்டுக்குப் போற கன்னிப்பொண்ணோட கூடப் போறதால அது கன்னி நாயி. அம்புட்டுத்தான் கதை. இதைச் சொன்னா எவன் பாப்பான்? ராணின்னாத்தான பாப்பான்.

ஆனா அந்தக் குட்டி குடுக்குற அழகு இருக்கே, அதைப் பாக்கணும் நீங்க. பீரோ ஏத்தியாச்சு, குத்துவெளக்கு ஏத்தியாச்சு, அண்டா குண்டா எல்லாம் வேன்ல ஏத்தியாச்சு. பொண்ணு கார்ல உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கா. அப்ப எங்க மாமனாரு, வெயிலுமுத்துன்னு பேரு, தோள்த்துண்டுல குட்டியச் சுத்தித் தூக்கிட்டு வாராரு. நான் என்ன செய்வேன், மாப்ளையில்லா, ரெண்டு கையையும் நீட்டிட்டேன். ஊரே சிரிக்குது. மாப்ள கையில குடுக்குற வழக்கம் கெடையாதாம். பொண்ணு மடியிலதான் விடணுமாம். நீட்டுன கைய மடக்க வழியில்லாம, அப்படியே தூக்கி எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

குட்டிய மடியில விட்டுட்டு மாமா சொன்னாரு. "மாப்ள, வேன்ல ஏத்துனது எல்லாம் ஒங்க வீட்டுக்கு. இது ஒண்ணு மட்டும் எம் பொண்ணுக்கு. அவ இருக்குற எடத்துல இது இருக்கும்." சரி மாமான்னேன். கார் கோவில்பட்டி எல்லையத் தொடுறதுக்குள்ள குட்டி என் பட்டுவேட்டியில மூத்திரம் பேஞ்சுட்டு. அவ அழுகைய நிப்பாட்டிட்டுச் சிரிச்சா பாருங்க, தெத்துப்பல்லு தெரிய. நான் நாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அந்த ஊர்ல அந்த நாய வச்சு ஒரு கணக்கு இருக்கு அண்ணாச்சி. ரொம்ப நுணுக்கமான கணக்கு. கட்டிக் குடுத்த பொண்ணு ஊருக்கு வந்தா, பஸ் ஸ்டாப்பு வேப்பமரத்தடியில இருக்கவங்க முதல்ல அவ மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. காலடியப் பாப்பாங்க. நாயி கூட வந்திருக்கா இல்லையான்னு. நாய விட்டுட்டுத் தனியா வந்தா விருந்தாளி. பொங்கலுக்கு வந்திருக்கலாம், கோவிச்சுக்கிட்டுக்கூட வந்திருக்கலாம், அது பிரச்சினையில்ல, திரும்பிப் போயிருவா. நாயோட வந்துட்டா, அவ வந்தது வந்ததுதான். அதுக்கப்புறம் பஞ்சாயத்து கிடையாது, பேச்சு கிடையாது.

எங்க மாமாவோட தங்கச்சி, ஆவுடத்தாய் அத்தை, அப்படித்தான் வந்தாங்க. புருசன் குடிச்சுட்டு வந்து அடிக்கிறவன். ஒருநாள் உச்சி வெயில்ல நாயக் கையில பிடிச்சுக்கிட்டு மரத்தடியத் தாண்டிப் போறாங்க. உக்காந்திருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்களாம். வீட்ல அவுக அய்யா ஒரு வார்த்தை கேக்கலை. நாயக் கையில வாங்கித் தண்ணி வச்சாரு. "கைகால் கழுவிட்டுச் சாப்பிடு"ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டு நாள் கழிச்சு புருசங்காரன் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு கூப்பிட வந்திருக்கான். "நாய் வந்துட்டே மாப்ள"ன்னு சொல்லியிருக்காரு பெரியவரு. வந்தவன் திரும்பிப் போயிட்டான். எனக்கு இதைக் கேக்குறப்ப எல்லாம் மேலு சிலுத்துரும். எம்புட்டு அருமையான வழக்கம் பாருங்க. எம் பொண்டாட்டிதான் சொன்னா, பூரணம்னு பேரு. அவ ஒரு விசயம் சொன்னா, எனக்கு அப்படியே மனசுல ஒட்டிக்கிடும்.

ஆனா அந்த ஊரு பொண்ணா இருந்துக்கிட்டு அவ செஞ்ச காரியம் இருக்கே. அதைத்தான் எனக்குத் தாங்க முடியலை.

வீடியோவுல ஆரம்பிச்சுது எல்லாம். அந்த வீடியோவுல நாயி பக்கத்துல, தண்ணி டிரம்முக்குப் பின்னாலருந்து ஒரு கை தெரியும். கவனிச்சீங்களா? கண்ணாடி வளையல் போட்ட கை. அது அவ கைதான். மைனா நான் நில்லுன்னா நிக்காது. வான்னா வாலாட்டும், வராது. அதனால அவள டிரம்முக்குப் பின்னால குத்தவைக்கச் சொல்லி கயித்தப் பிடிச்சுக்கோன்னுட்டேன். நான் முன்னால நின்னு, "இது எங்க பரம்பரைச் சொத்து, ஏழு தலைமுறையா எங்க வீட்ல வளக்கோம்"னு சொன்னேன். நாயி சும்மா சிலை மாதிரி நின்னுச்சு. பிரமாதமா வந்துருந்துச்சு வீடியோ.

வீடியோ வந்து நாலு நாள் கழிச்சு அவ கேக்கா. "எங்கய்யா பேரை ஒரு இடத்துலயாவது சொல்லியிருக்கலாம்ல?" வரலாறு சொல்லயில ஒங்கய்யா பேரு எதுக்குட்டின்னேன். "அந்த ராணி எந்த ஊரு?"ங்கா. அது அந்தக் காலம்னேன். "கரட்டுப்பட்டியில எல்லாரும் பாத்துட்டுக் கேக்காங்களாம் எங்கய்யாகிட்ட. மாப்ள வீட்டு நாயவா ஒம் பொண்ணுக்கு இரவல் வாங்கிக் குடுத்தேன்னு. எங்கய்யா ரெண்டு நாளா மரத்தடிக்குப் போகலை"ன்னா. நான் என்ன சொன்னேன்னா, எத்தனை பேரு பாத்திருக்காங்கன்னு எடுத்துக் காட்டினேன். லட்சத்தத் தாண்டிட்டு பாருன்னேன். சமாதானமா ஒரு வார்த்தை சொல்லணும்லா, அதுக்காக.

அவ ஒரு பையில சேலைய எடுத்து வச்சா. மைனாவுக்குக் கம்பஞ்சோறு கரைச்சு வச்சா. அது தலையத் தடவிக் குடுத்துட்டு, "இவ இங்கயே இருக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயே போயிட்டா. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, இது நியாயமா? கோவம் எம்மேல. வாயில்லாச் சீவன் என்ன பாவம் பண்ணுச்சு? கூடவே பொறந்த மாதிரி இருந்த நாய விட்டுட்டுப் போக எப்படி மனசு வரும்? கல்நெஞ்சுக்காரி. அதை நெனச்சாத்தான் எனக்கு ஆத்தமாட்டாம வருது.

அவ போன நாள்லருந்து நாயி நாயா இல்ல. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கும். பக்கத்துலயே நானும் உக்காந்திருக்கதால எனக்குத் தெரியும். ராத்திரி ஒரு பொட்டு தூங்காது, நான் முழிச்சிருந்து பாத்திருக்கேன். கொடியில கெடக்குற அவ சேலைய மோந்து மோந்து பாக்கும். அதுக்கு எட்டாதேன்னு நாந்தான் கொடியிலருந்து எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். கடைக்கு எதுத்தாப்புல டீக்கடைக்காரரு, "என்ன தளவாய், பாதியாப் போயிட்டே"ங்காரு. நாயப் பாத்துச் சொல்லுய்யான்னு சொன்னேன். மைனா, மெதுவாத் தின்னு, அண்ணாச்சி வெரல் போயிரும்.

அதான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இப்ப நேரா மரத்தடியில எறங்குறேன். நாயக் கையில பிடிச்சுக்கிட்டு ஊர் நடுவுல நடக்கேன். மாமனாரு வீட்டு வாசல்ல போயி நின்னு, "இந்தாட்டி ஒன் நாயி"ன்னு அவ கையில குடுத்துட்டு, திரும்பிப் பாக்காம இதே பஸ்ல ஏறிருவேன். அப்பத்தான் ஒறைக்கும்.

என்ன அண்ணாச்சி இப்படிப் பாக்கீங்க?

ஆமா, நாய விட்டுட்டுத்தான் போனா. அதைத்தான இவ்வளவு நேரமாச் சொல்றேன். ஆமா, தனியாத்தான் போனா. "இவ இங்கயே இருக்கட்டும்"னுதான் சொன்னா. மரத்தடியில இருந்தவங்க காலடியப் பாத்திருப்பாங்க, நாய் இல்லை, அப்ப விருந்தாளின்னு...

அட.

அண்ணாச்சி. அப்ப அவ திரும்பி வரத்தான் போயிருக்கா. அடக் கிறுக்குப் பயலே தளவாயி. வர்றேன்னு சொல்லிட்டுத்தான்டா போயிருக்கா. இவ்வளவு பெரிய சேதிய வாசல்ல கட்டிப்போட்டுட்டுப் போயிருக்கா, நான் அதுக்குப் பக்கத்துல உக்காந்து வாசலப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். கையக் குடுங்க அண்ணாச்சி. நீங்க நல்லாருப்பீங்க. ஒங்களுக்கு ஒரு குட்டி இல்ல, ரெண்டு குட்டி வாங்கித் தாரேன். ஒங்களுக்கு மகன் இருக்கானா? கல்யாண வயசா? பாத்து முடிச்சுருவோம். வர்றேன்னு சொல்லியிருக்கா அண்ணாச்சி. எனக்குப் பஸ்ஸுக்குள்ளயே ஆடணும் போல இருக்கு.

என்ன? நாயி இப்ப எங்க இருக்கா? இந்தா, என் கால்மாட்டுல... கரட்டுப்பட்டிக்குப் போற பஸ்ல...

இல்ல, அப்படி எவனும் செஞ்சதில்லை. நான் கேள்விப்படலை. புருசங்காரன் தானே நாயக் கொண்டாந்து மாமனாரு வாசல்ல விட்டான்னா, ஒங்க பொண்ணு எனக்கு வேண்டாம்னு...

ஐயையோ.

கண்டக்டர், கண்டக்டரய்யா, வண்டிய நிப்பாட்டுங்க. எறங்கணும். எங்கயாவது எறங்கணும். சோளக்காடா இருந்தா என்ன, சோளக்காட்டுலயே எறங்குறேன். டிரைவரு நிப்பாட்ட மாட்டேங்காரே. அடுத்தது கடைசி ஸ்டாப்புதானாம். அண்ணாச்சி, இந்த நாய நீங்க வச்சுக்கோங்க. ஒங்க நாயின்னு சொல்லிருங்க. கொஞ்ச நேரந்தான். நீங்களா கயித்தப் பிடிச்சு நடங்க, நான் பின்னால யாரோ மாதிரி வாரேன். ஆகாதா? ஆகாதுதான். அந்தா முன் சீட்டுல போன்ல பேசிக்கிட்டு வருதே ஒரு அக்கா, அது மாமனாருக்குப் பக்கத்து வீடு. நான் ஏறும்போதே பாத்துச்சு. "ஆமாக்கா, நாயோடதான் வாராரு, ஆமாக்கா, மூஞ்சியே சரியில்லை"ன்னு பேசுனது என்னையப் பத்தித்தானா? எவன் நாயோடயோ வாரான்னு நான் சும்மா கேட்டுக்கிட்டு வந்தேனே.

மரம் தெரியுது. கூட்டமா நிக்காங்க அண்ணாச்சி. ஊரே நிக்குது. மாமா நிக்காரு. மரத்தடிக்கே வராத மனுசன் எனக்காக வந்து நிக்காரு.

அண்ணாச்சி, அவருக்குப் பக்கத்துல பாருங்க. பச்சைச் சேலை. கையில பை வச்சிருக்கா. பையோட நிக்கா. இந்த பஸ்ல ஏறத்தான் நிக்கா. வீட்டுக்குக் கெளம்பி நிக்கா அண்ணாச்சி. இன்னைக்கு ஒருநாள் நான் சும்மா கடையில உக்காந்திருந்தா, சாயங்காலம் அவளா வந்து கதவத் தட்டியிருப்பா.

மைனா, எந்திரிக்காத. வேண்டாம்மா. கயித்த இழுக்காத. இங்க வா, மடியில ஏறு. ஏறுன்னா ஏறு. ஆளு ஒசரத்துக்கு வளந்திருக்க. அண்ணாச்சி, பின்னங்கால அந்தப் பக்கமாத் தள்ளி விடுங்க. ம். கெட்டியாப் பிடிச்சுக்கிடுறேன். நான் எறங்க மாட்டேன். இப்படியே பஸ்ஸோட திரும்பிருவேன். 

மாமா ஜன்னல் பக்கமா வாராரு. வாங்க மாமா. நல்லாருக்கேன் மாமா.

"மாப்ள, நாயோட வந்திருக்கீரு போல"ங்காரு. கேட்டீங்களா அண்ணாச்சி? மெதுவாத்தான் கேக்காரு. கோவமே இல்லை. அதான் பயமா இருக்கு. இவரு அய்யாவும் அன்னைக்கு ஆவுடத்தாய் அத்தை புருசங்கிட்ட இதே குரல்லதான் பேசியிருப்பாரு. அவ அவருக்குப் பின்னால நின்னு என்னையத்தான் பாக்கா. ஏறாம நிக்கா.

வாயில ஒரு ராணி வந்து நிக்கா அண்ணாச்சி. பெரிய ராணி. நாய மாப்ளமாரு வருசத்துக்கு ஒருதரம் கோட்டைக்குக் கொண்டு வந்து காட்டணும்னு சட்டம் போட்ட ராணி. சொன்னா நம்பிருவாங்க. நல்லாத்தான் இருக்கு கதை.

வேண்டாம்.

மாமா, இருக்க முடியலை மாமா. அவ இல்லாம வீடு வீடா இல்லை. நாயத் தனியாப் போட்டுட்டு வர மனசு வரலை, தூக்கியாந்துட்டேன். விட்டுட்டுப் போக வரலை மாமா. சத்தியமா இல்லை. இது ஒங்க நாயி. ஒங்க பொண்ணோட வந்த நாயி. அவளோட வந்ததாலதான் அதுக்கு அந்தப் பேரே. வேற ராணி கீணி ஒருத்தியும் கெடையாது. கண்டக்டரய்யா, நீங்களும் கேட்டுக்கிடுங்க, ராணி கெடையாது. மொறைக்காதீங்க.

மாமா ஜன்னல் வழியா எட்டிக் கீழ பாக்காரு. "நாயி கால் மண்ணுல பட்டுச்சா?"ங்காரு. இல்ல மாமா, ஏறுன எடத்துலருந்து பஸ்ஸுக்குள்ளதான், இப்ப மடியிலதான் இருக்கு.

"அப்ப வரலை"ங்காரு.

அப்படி ஒரு வழக்கம் உண்டா அண்ணாச்சி? அவ எங்கிட்டச் சொன்னதே இல்லையே. இப்ப கூட்டத்துப் பக்கம் திரும்பி, "மாப்ள தனியாத்தான்யா வந்திருக்காரு, பொண்ணக் கூப்பிட"ன்னு சத்தமாச் சொல்லுதாரு. ஜன்னலுக்குள்ள கைய விட்டு மைனா காதத் தடவிக்கிட்டே சொல்லுதாரு. மரத்தடியில ஒருத்தன் சிரிக்கணுமே. எல்லாரும் ஆமா ஆமாங்காங்க. போன் பேசுன அக்காவும் ஆமாங்குது. நாப்பது பேரு பாக்குறாங்க, என் மடியில இருக்குற நாய ஒருத்தரும் பாக்கலை.

ஏறிட்டா. பூரணம் ஏறிட்டா. மைனா, வாலக் கட்டுப்படுத்து, என் மூஞ்சியிலயே அடிக்க. வாரா அண்ணாச்சி. கிட்ட வந்துட்டா.

"சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்கா.

எங்கட்டி சாப்பிட்டுச்சு, நீ போன நாள்லருந்து ஒரு வாய் எறங்கலை, இப்பத்தான் இந்த அண்ணாச்சி குடுத்த கடலைமிட்டாயத் தின்னுருக்கு, மூஞ்சியப் பாரு, எப்படி வாடிப்போயி...

"நாயக் கேக்கலை"ங்கா.

அண்ணாச்சி, ஒங்க ஊரு வந்து நேரமாச்சே, எறங்கலையா? அந்தா நிக்காரு எங்க மாமா, குட்டி கேட்டு வந்தேன்னு சொல்லுங்க. மோர் குடுப்பாரு. எறங்குங்க அண்ணாச்சி. அவ உக்காரணும்.